ஸ்கேனர் காட்டும் ஆக்சிஜன் சென்சார் எண்களைப் படித்துக் கோளாறைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் சொருகினால் பி0171 என்றோ பி0131 என்றோ ஒரு கோளாறுக் குறியீடு வருகிறது. அன்று மாலைக்குள் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிடுகிறார்கள். சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை என் சொந்தக் காரிலேயே செய்தும் இருக்கிறேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் ஆக்சிஜன் சென்சார் அந்த அம்புதான். எஞ்சினில் வேறெங்கோ இருக்கும் தவறை அது சரியாகவே தெரிவித்துக்கொண்டிருக்க, பழி அதன் மேல் விழுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்திருக்கிறது: சென்சார் தவறான எண்ணைச் சொல்கிறதா, அல்லது எஞ்சின் தவறாக ஓடுவதை அது சரியாகச் சொல்கிறதா? லைவ் டேட்டா, அதாவது ஓடும் எஞ்சினின் எண்களை உடனுக்குடன் காட்டும் கையடக்க ஸ்கேனர் ஒன்றும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால், பெட்ரோல் கார்களில் இதற்கு வீட்டிலேயே விடை கண்டுவிடலாம்.

சென்சார் அளப்பது எதை?

சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளால் ஆன ஒரு குப்பி இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் புகையிலும் உட்பக்கம் வெளிக்காற்றிலும் இருக்கும். இரு பக்கமும் பிளாட்டினம் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பிறகு, இரு பக்கத்து ஆக்சிஜன் அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறிய மின்னழுத்தமாக மாறுகிறது. புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால், அதாவது கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால், 0.8 முதல் 0.9 வோல்ட் வரை வரும். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தால், 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் சரியான விகிதத்தில் இந்த மாற்றம் செங்குத்தாக நடப்பதால், 0.45 வோல்ட்டை நடுக்கோடாகக் கொள்கிறோம். பாஷ் நிறுவனம் 1976-ல் தயாரிக்கத் தொடங்கி வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்த சென்சாரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்சார் அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் வேலை செய்யாமல் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வருகின்றன. சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு லீன் என்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சைலன்சரில் பெட்ரோல் நாற்றம் அடிக்க, ஸ்கேனரில் லீன் குறியீடு நிற்கிறது. இதனால், மிஸ்ஃபயர் குறியீடுகள் கூடவே இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆக்சிஜன் சென்சார் பக்கம் வர வேண்டும்.

முதல் படி: குறியீட்டை அழிக்காமல் எழுதிக்கொள்ளுதல்

ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி சாக்கெட் ஓட்டுநர் பக்கத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே, 16 முனைகளுடன் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. ஸ்கேனருக்கே உயிர் வரவில்லை என்றால் காரின் ஃபியூஸ்களைப் பாருங்கள். சாக்கெட்டின் 16-வது முனைக்கு வரும் பேட்டரி மின்சாரம் பல கார்களில் சிகரெட் லைட்டரின் ஃபியூஸ் வழியாகவே வருகிறது.

பதிவான குறியீடுகளையும் நிலுவையில் உள்ள குறியீடுகளையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறந்து, குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பம், லோடு (எஞ்சின் மேல் உள்ள சுமை), ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஆகியவை என்னவாக இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறியீட்டை அழித்தால் இவையனைத்தும் போய்விடும். இசியு பல நாட்களாகக் கற்று வைத்திருந்த ட்ரிம் எண்களும் பல கார்களில் சேர்ந்தே அழியும். சோதனை முடியும் வரை அழிக்கும் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குறியீடுகளின் பொருளைச் சுருக்கமாகப் பார்ப்போம். பி0131 என்பது முதல் சென்சாரில் வோல்ட் குறைவு, பி0132 வோல்ட் அதிகம், பி0133 மெதுவான மறுமொழி, பி0134 அசைவே இல்லை, பி0135 ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. பி0136 முதல் பி0141 வரை அதே பேங்கின் (சிலிண்டர் வரிசையின்) பின்பக்கச் சென்சாருக்கு உரியவை. பி0171-உம் பி0174-உம் கலவை லீன் என்றும், பி0172-உம் பி0175-உம் ரிச் என்றும் சொல்கின்றன. இந்த நான்கும் சென்சாரைக் குற்றம் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் சிலிண்டர் இருக்கும் பக்கமே பேங்க் 1. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. வி வடிவ எஞ்சின்களில் எந்தப் பக்கம் முதல் சிலிண்டர் இருக்கிறது என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஊகித்துத் தவறான பக்கத்துச் சென்சாரைக் கழற்றியவர்கள் ஏராளம்.

இரண்டாம் படி: எந்த வகைச் சென்சார் என்று தெரிந்துகொள்ளுதல்

மேலே சொன்ன 0.1 முதல் 0.9 வோல்ட் கணக்கு பழைய நேரோபேண்டு சென்சாருக்கு மட்டுமே பொருந்தும். இப்போதைய கார்கள் பலவற்றில் முன்பக்கச் சென்சார் வைடுபேண்டு, அதாவது ஏர் ஃப்யூயல் சென்சார். ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் அது உறுதியாக வைடுபேண்டு. நான்கு ஒயர் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஏனெனில் டொயோட்டா கார்களின் ஏர் ஃப்யூயல் சென்சாருக்கும் நான்கு ஒயர்தான். அந்தச் சென்சாரில் சரியான கலவைக்கு 3.3 வோல்ட் அளவு. பொதுவான ஓபிடி முறையில் படிக்கும் பழைய ஸ்கேனர்கள் அதை ஐந்தால் வகுத்து 0.66 என்று காட்டும். இது தெரியாதவர் அதைப் பார்த்தால், ரிச் பக்கம் அசையாமல் சிக்கிக்கொண்ட சென்சார் என்றே முடிவுகட்டிவிடுவார். வைடுபேண்டு என்று தெரிந்தால் வோல்ட்டை விட்டுவிட்டு லாம்டா எண்ணைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். 1.00 சரியான கலவை, அதற்கு மேல் லீன், கீழ் ரிச். நேரோபேண்டு போல அது மேலும் கீழும் துள்ளாது. ஒன்றை ஒட்டி நிலையாக நிற்பதே அதன் ஆரோக்கியம்.

மூன்றாம் படி: திரையில் குறைவான எண்களை மட்டும் வைத்தல்

ஸ்கேனரில் இருபது முப்பது எண்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒவ்வொன்றும் தன் முறை வந்த பிறகே புதுப்பிக்கப்படும். பழைய தொடர்பு முறை உள்ள கார்களில் இது மிக மெதுவாக நடப்பதால், நொடிக்கு ஒன்றிரண்டு முறை துள்ளும் நல்ல சென்சார்கூடத் திரையில் தூங்குவது போலத் தெரியும். ஆகவே கூலன்ட் வெப்பம், லூப் நிலை, எஞ்சின் வேகம், ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம், சென்சார் 1, சென்சார் 2 ஆகிய ஏழு மட்டும் போதும். துள்ளலின் வேகத்தைப் பார்க்கும்போது சென்சார் 1-ஐ மட்டும் தனியாக வைத்து, வரைபடமாகப் பாருங்கள்.

சென்சார் 2-க்கு எதிரே ஷார்ட் டெர்ம் ட்ரிம் 99.2 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். ட்ரிம் கணக்கில் இந்தச் சென்சார் பயன்படுவதில்லை என்பதற்கு இசியு அனுப்பும் நிரப்பு எண் அது. ஸ்கேனர் அதையும் சதவீதமாக மாற்றிக் காட்டிவிடுகிறது.

நான்காம் படி: சூடான எஞ்சினில் சும்மா கவனித்தல்

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின் 2500 ஆர்பிஎம்-ல் இரண்டு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். லூப் நிலை குளோஸ்டு என்று, அதாவது இசியு சென்சாரைக் கேட்டு ஓடும் நிலைக்கு, மாறியிருக்க வேண்டும். மாறாமல் ஓப்பன் லூப்பிலேயே நின்றால் இசியு சென்சாரைக் கேட்காமலே ஓடுகிறது. அதற்குக் கூலன்ட் வெப்பம் ஏறாததும் காரணமாக இருக்கலாம், கோளாறைக் கண்டு இசியு தானே விலகியதும் காரணமாக இருக்கலாம்.

குளோஸ்டு லூப்பில் நல்ல நேரோபேண்டு சென்சார் 0.2-க்குக் கீழும் 0.7-க்கு மேலும் மாறிமாறிப் போய்வரும். 2500 ஆர்பிஎம்-ல் நொடிக்கு ஒரு முறையாவது நடுக்கோட்டைத் தாண்டினால் திருப்தி அடையலாம். 0.3-க்கும் 0.6-க்கும் இடையே சோம்பலாக ஊர்ந்தால் சென்சார் முதுமை அடைந்திருக்கலாம். 0.45-ல் ஆணி அடித்தது போல நின்றால் சென்சார் பேசவே இல்லை என்று பொருள். பல இசியுக்கள் தாமே அந்த அளவு மின்னழுத்தத்தை ஒயரில் வைத்துக் காத்திருக்கும், சென்சார் சூடானால்தான் அது மேலோ கீழோ நகரும். ஹீட்டர் போயிருந்தாலும் ஒயர் அறுந்திருந்தாலும் இதே காட்சிதான். 1 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்பது சிர்கோனியாவால் ஆகிற காரியமே இல்லை. ஹீட்டர் ஒயரின் மின்சாரம் சிக்னல் ஒயருக்குள் கசிகிறதா என்று கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். ஆனால் சில தயாரிப்பாளர்கள் சிக்னலையே 2.5 வோல்ட் உயர்த்தி வைப்பதும் உண்டு என்பதால் அந்தக் காரின் கையேட்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: சென்சாரைப் பேச வைத்தல்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுவே தலையானது; பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். எண் 0.1-ல் நிற்கிறது என்றால் அது உண்மையிலேயே லீனாக இருப்பதாலா, சென்சார் செத்துக் கிடப்பதாலா என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. கலவையை நாமே மாற்றிவிட்டு, சென்சார் அதைக் கண்டுகொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எளிய முறை, ஆக்சிலரேட்டரை ஒரு நொடி சட்டென மிதித்து விடுவது. மிதித்த கணத்தில் பெட்ரோல் கூடுவதால் எண் 0.8-ஐத் தாண்ட வேண்டும். விட்டதும் இசியு இன்ஜெக்டர்களை நிறுத்துவதால் 0-வை ஒட்டி விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சாரும் ஒயரும் இசியுவும் உயிரோடு இருக்கின்றன.

இன்னும் உறுதியான முறை, ஐட்லிங்கில் ஓடும்போது ஏர் ஃபில்டர் குழாய் வழியாகச் சிறிதளவு புரோப்பேன் வாயுவை உள்ளே விடுவது. சென்சார் சில நொடிகளில் 0.8-க்கு மேல் ஏற வேண்டும். ஷார்ட் டெர்ம் ட்ரிம் மைனஸ் பக்கம் இறங்க வேண்டும். பி0171 உள்ள காரில் இப்படி நடந்துவிட்டால், சென்சார் நல்லது, லீன் என்று அது சொன்னது உண்மை என்று அங்கேயே முடிவு செய்யலாம். வாயு எரியக்கூடியது என்பதால் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, சூடான புகை மேனிஃபோல்டுக்கு அருகில் கசியவிடாமல் செய்ய வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் ஆக்சிலரேட்டர் முறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கச் சோதனைக்கு ஒரு சிறிய வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் எண் 0.2-க்குக் கீழே இறங்க வேண்டும். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் இது தெளிவாகத் தெரியும். மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் கார்களில், உள்ளே வந்த காற்றை இசியு கணக்கில் எடுத்துக்கொள்வதால், எண் ஒரு கணம் இறங்கிவிட்டு ஐட்லிங் வேகம் மட்டும் உயரும்.

ஆறாம் படி: ஃப்யூயல் ட்ரிம்மைக் கொண்டு காரணத்தைத் தேடுதல்

சென்சார் உண்மை பேசுகிறது என்று உறுதியான பிறகே ட்ரிம் எண்களுக்குப் பொருள் உண்டு. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. பிளஸ் என்றால் இசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, மைனஸ் என்றால் குறைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கூட்டுத்தொகையை ஐட்லிங்கில் ஒரு முறையும், 2500 ஆர்பிஎம்-ல் ஒரு முறையும், சாலையில் லோடு ஏறும்போது ஒரு முறையும் எழுதிக்கொள்ளுங்கள். சாலையில் செல்லும்போது ஸ்கேனரைப் பார்ப்பது உடன் வருபவரின் வேலை.

ஐட்லிங்கில் பிளஸ் அதிகமாக இருந்து வேகம் ஏறஏறக் குறைந்தால், காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் தாண்டிய இடத்தில் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. என் காரில் நடந்தது இதுதான். ஐட்லிங்கில் ஷார்ட் டெர்ம் பிளஸ் 9, லாங் டெர்ம் பிளஸ் 17. 2500-ல் இரண்டும் சேர்ந்தே பிளஸ் 6. இந்த எண்களைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு சென்சார்களை மாற்றி முடித்திருந்தேன். காற்று உள்ளே செல்லும் மேனிஃபோல்டின் அடிப்பக்கம் வளைந்து சென்ற பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உள்ளிழுக்கும் குழாயின்) உள்வளைவில் விரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. மேலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தும் கண்ணில் படவில்லை. எஞ்சின் ஓடும்போது ஹோஸை விரலால் அழுத்தியபோது ஐட்லிங் சத்தம் மாறியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஹோஸை மாற்றியபின் கூட்டுத்தொகை பிளஸ் 2-க்கு வந்தது.

இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து லோடு ஏறும்போது பிளஸ் கூடினால் பெட்ரோல் போதவில்லை அல்லது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் காற்றைக் குறைத்துச் சொல்கிறது என்று கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து வேகமெடுக்கும்போது நேரோபேண்டு சென்சார் 0.8-க்கு மேல் நிற்க வேண்டும், அங்கே 0.2-க்கு விழுந்தால் ஃப்யூயல் பிரஷரை அளந்து பார்ப்பதே அடுத்த வேலை. ட்ரிம் மைனஸாக இருந்தால் கசியும் இன்ஜெக்டர், கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர் டயாஃப்ரம், திறந்தே நிற்கும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு) ஆகியவற்றைப் பாருங்கள்.

புகை மேனிஃபோல்டுக்கும் முன்பக்கச் சென்சாருக்கும் இடையே புகைக்குழாயில் கசிவு இருந்தால் எண்கள் வேக்யூம் கசிவு போலவே தெரியும். புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சென்சாரை ஏமாற்றுகிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்தில் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் அந்தக் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். கலவை உண்மையில் ரிச்சாகிவிட்டதால், இந்த நிலையில் பிளக்குகளும் கறுத்திருக்கும்.

ஏழாம் படி: பின்பக்கச் சென்சார்

கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் சென்சார் 2 ஏறத்தாழ 0.6 முதல் 0.8 வோல்ட் வரை அமைதியாக நிற்கும். முன்பக்கச் சென்சாரின் துள்ளலை அது அப்படியே ஒப்பித்தால் கன்வர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் திறனை இழந்திருக்கிறது. பி0420 வருவது இதனால்தான். கன்வர்ட்டர் விலை அதிகமான பொருள் என்பதால், புகைக் கசிவையும் மிஸ்ஃபயரையும் முற்றாக விலக்கிய பிறகே அந்த முடிவுக்குப் போக வேண்டும். பின்பக்கச் சென்சாரை மாற்றிப் பி0420-ஐப் போக்க நினைப்பதும் பெரும்பாலும் வீண் செலவுதான்.

எட்டாம் படி: ஹீட்டரையும் ஒயரையும் மல்டிமீட்டரில் சோதித்தல்

பி0135 போன்ற ஹீட்டர் குறியீட்டுக்கு முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மின்தடையை அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பெரும்பாலான சென்சார்களில் சில ஓம்கள் வரும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அது சரியாக இருந்தால் காரின் பக்கத்துக் கனெக்டரில், எஞ்சின் ஓடும்போது பேட்டரி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சிக்னல் ஒயர் புகைக்குழாயில் உரசி உருகியிருக்கிறதா என்பதைக் கனெக்டரிலிருந்து சென்சார் வரை கையால் தடவியே பார்த்துவிடுங்கள். கனெக்டரைப் பிரித்ததும் ஸ்கேனரில் எண் மாறாமல் 0-விலேயே நின்றால், சென்சாருக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒயர் எங்கோ எர்த்தில் பட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்பதாம் படி: மாற்றத்தான் வேண்டும் என்றால்

கழற்றிய சென்சாரின் நுனியைப் பார்க்காமல் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பொடி போன்ற படலம் சிலிக்கோன் பசையாலோ எஞ்சினுக்குள் கசிந்த கூலன்ட்டாலோ வந்திருக்கலாம். கரிய மசி ரிச் கலவையைச் சொல்கிறது. பழுப்பு நிற ஆயில் சாம்பல் எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. அந்தக் காரணத்தை விட்டுவைத்தால் புதிய சென்சாரும் அதே வழியில் போகும். பெரும்பாலான சென்சார்களுக்கு 18 மில்லிமீட்டர் மரை, 22 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஒயர் நுழைய வெட்டு உள்ள சாக்கெட்டை வாங்கிக்கொண்டால் முனை மழுங்காது. மரை இறுகிப்போகாமல் இருக்கப் பூசும் ஆன்டி சீஸ் பசை நுனியில் படக்கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

இறுதியாக, குறியீட்டை இப்போது அழித்துவிட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகக் காரை ஓட்டிவாருங்கள். இசியுவின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும், ஸ்கேனரின் ரெடினஸ் பக்கத்தில் ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர், கன்வர்ட்டர் ஆகிய மூன்றும் முழுமை என்று மாறும் வரை, விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். அவை முழுமையானபின் நிலுவைக் குறியீடுகளை மறுபடியும் பார்த்து, ஐட்லிங்கிலும் 2500-லும் ட்ரிம் கூட்டுத்தொகையை எடுத்து, முதல் படியில் எழுதிய தாளிலேயே பழைய எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.